குடல் சுவரில் நோயெதிர்ப்பு ஏன் அடங்க மறுக்கிறது? ஐபிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபிடி என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் குடல் அழற்சி நோயில் முக்கியமாக இரண்டு வகை: அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன் நோய். கொலனோஸ்கோபி முடிந்து பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு நோயாளிகளும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குடல் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அது புரிந்தால், டாக்டர் ஏன் இந்த மருந்தை எழுதுகிறார், ஏன் நிறுத்தாதே என்கிறார் என்பதும் புரிய ஆரம்பிக்கும்.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இந்த நோய் வந்ததா?

இல்லை. பெரும்பாலானோர் முதலில் கேட்பது இதைத்தான். நோய் என்று கேள்விப்பட்டதும் உறவினர்கள் வாங்கிவருவதும் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியும் கஷாயமும்தான். ஆனால் ஐபிடியில் குடல் சுவரில் எதிர்ப்புச் செல்கள் குறைந்துபோவதில்லை. அளவுக்கு மீறிக் கூடி, வேலை முடிந்த பிறகும் கலையாமல் நிற்கின்றன. தொடங்கிய சண்டையை நிறுத்தும் ஏற்பாடு பழுதாகிவிட்டது, அதுதான் இந்த நோயின் மையம்.

எதிர்ப்பு சக்தி ஏற வேண்டும் என்ற எண்ணத்தில் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது ஆபத்து. பொடி, கஷாயம் எதுவானாலும் சாப்பிடும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

நோயில்லாதவர் குடலில் இந்தச் செல்கள் என்ன செய்துகொண்டிருக்கும்?

சும்மா இருக்காது. நம் உடலின் எதிர்ப்புச் செல்களில் பெரும் பங்கு குடலில்தான் இருக்கிறது. காரணம் எளிது. பெருங்குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள். அவற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே ஒரே ஒரு அடுக்குச் செல்கள். அந்தச் செல்களும் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து, புதியவை வந்துவிடும்.

அந்த ஒற்றை அடுக்கின் மேல் சளிப்படலம் படர்ந்திருக்கும். கோப்லெட் செல்கள் அதைச் சுரக்கின்றன. பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும், சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் அனேகமாக ஒன்றும் இருக்காது. சிறுகுடலில் பானெத் செல்கள் பாக்டீரியாக்களைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. சுவருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியை நாளொன்றுக்குச் சில கிராம் வரை தயாரித்து வெளியே அனுப்புகின்றன. அது பாக்டீரியாக்களைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அவை சுவரை நெருங்காமல் பார்த்துக்கொள்கிறது. சத்தமில்லாத காவல் இது; வீக்கம் கிடையாது, வலி கிடையாது.

எனக்கு இதில் மிகவும் வியப்பானவை குடலில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள். ரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணு ஒரு பாக்டீரியாவைக் கண்டால் உடனே அழற்சியைக் கிளப்பும் ரசாயனங்களைக் கொட்டும். அதே மோனோசைட் குடலுக்குள் வந்து நிலைகொண்டு மேக்ரோஃபேஜாக மாறிய பிறகு, பாக்டீரியாவை விழுங்கிச் செரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அப்படி இருக்கப் பழக்குபவற்றில் முக்கியமானது இன்டர்லூக்கின்-10 என்ற செய்திப் புரதம். அத்தோடு, டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. மற்ற டி செல்களை அடக்கிவைப்பதே அவற்றின் வேலை.

அழற்சி தொடங்கும்போது என்ன மாறுகிறது?

சுவரில் எங்கோ ஒரு இடம் விட்டுக்கொடுக்கிறது. வயிற்றுப்போக்குத் தொற்று, ஆன்டிபயாடிக், வலி மாத்திரை என்று எதுவும் தொடக்கமாக இருக்கலாம்; பலருக்கு என்ன காரணம் என்று கடைசிவரை தெரியாது. பாக்டீரியாக்களும் அவற்றின் துணுக்குகளும் உள்ளே இறங்குகின்றன. யாருக்கு நடந்தாலும் இங்கே ஒரு சண்டை வரும், ஆரோக்கியமானவருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஐபிடி உள்ளவருக்கு அடங்குவதில்லை.

ரத்தத்திலிருந்து புதிய மோனோசைட்கள் அலையலையாக வருகின்றன. அழற்சி சூழ்ந்த இடத்தில் இறங்குவதால் அவை அமைதியான மேக்ரோஃபேஜாக மாறும் வாய்ப்பே இல்லாமல் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, 6, 23 ஆகிய அழற்சிப் புரதங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. இன்டர்லூக்கின்-23 டி செல்களை உசுப்பிவிடுகிறது. டிஎன்எஃப் இரண்டு கெடுதல் செய்கிறது: சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளைத் தளர்த்துகிறது, ரத்தக்குழாயின் உட்புறத்தை மேலும் வெள்ளணுக்கள் ஒட்டும்படி மாற்றுகிறது. இணைப்பு தளர்ந்ததும் இன்னும் பாக்டீரியா உள்ளே வரும்; வந்ததும் இன்னும் டிஎன்எஃப். இந்தச் சுழலைத்தான் மருந்துகள் ஏதாவது ஒரு இடத்தில் வெட்டப் பார்க்கின்றன.

உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'கிரிப்டைட்டிஸ்', 'கிரிப்ட் ஆப்செஸ்' என்று எழுதியிருக்கலாம். குடல் சுவரில் சோதனைக் குழாய் வடிவில் சின்னச்சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும். கிரிப்ட் என்பது அதுதான். நுண்ணோக்கியில் பார்த்தால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குழியின் சுவரைத் துளைத்துக்கொண்டு நுழைவது தெரியும். அது கிரிப்டைட்டிஸ். நுழைந்தவை குழிக்குள் சீழாகத் தேங்கினால் கிரிப்ட் ஆப்செஸ். சுற்றிலும் கோப்லெட் செல்கள் சளி வற்றிப்போய்க் கிடக்கும். பழைய அழற்சி ஆறிய இடங்களில் குழிகள் கோணிக் கிளைவிட்டிருக்கும். இது நாள்பட்ட நோயா, போன வாரம் வந்த தொற்றா என்று நோயியல் நிபுணர் பிரித்துச் சொல்வதற்கு அந்தக் கோணல் பெரிய துணை.

கிரோன் நோய்க்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கும் என்ன வித்தியாசம்?

கோலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும். மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். பெரும்பாலும் சுவரின் உள்ளடுக்கை மட்டுமே தாக்கும். அதனால்தான் ரத்தமும் சளியும் அதிகம்.

கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் அதற்குப் பிடித்த இடம். விட்டுவிட்டு வரும், சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும். அதனால் குடல் சுருங்கி அடைப்பது, பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ பௌத்திரம் போல வழி பிளப்பது எல்லாம் இதில் வரும். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள்.

நம் உடலே நம்மைத் தாக்குகிறது என்கிறார்களே, சரியா?

விளைவைப் பார்த்தால் சரி. குறி எது என்று பார்த்தால் அவ்வளவு சரியில்லை. டைப் 1 சர்க்கரை நோயில் எதிர்ப்புச் செல்கள் கணையத்தின் செல்களையே குறிவைக்கின்றன. ஐபிடியில் சண்டை பெருமளவு குடல் பாக்டீரியாக்களோடு. குடல் சுவர் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

இதற்கு நல்ல சான்று உண்டு. இன்டர்லூக்கின்-10 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சி வரும். அதே எலிகளைப் பாக்டீரியாவே இல்லாத சூழலில் வளர்த்தால் வராது. மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். கிரோன் நோய்க்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டிச் சேர்த்த பிறகு, மலம் அந்த இணைப்பு வழியே போகாமல் வயிற்றில் வழி அமைத்துத் திருப்பிவிட்டிருக்கும் வரை புதுப் புண் வருவதில்லை. திரும்ப இணைத்துவிட்ட பிறகு வருகிறது. பெல்ஜிய மருத்துவர்கள் 1990களில் இதைக் காட்டினார்கள். திருப்பிவிடப்பட்டிருந்த குடலுக்குள் நோயாளியின் குடல் திரவத்தையே செலுத்தியபோது, சில நாளிலேயே அழற்சி தொடங்கியதையும் பார்த்தார்கள்.

பரம்பரை நோயா? பிள்ளைகளுக்கு வருமா?

வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குக் கிரோன் வந்தாலும், மற்றவருக்கு வராமலிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கோலைட்டிஸில் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு இன்னும் குறைவு.

மரபணு ஆய்வுகள் 200க்கு மேற்பட்ட இடங்களை அடையாளம் காட்டியிருக்கின்றன. முதலில் கிடைத்தது நாட்-2, 2001இல். பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கைச் செல்லுக்குள் இருந்து உணரும் மரபணு அது. கிரோனில் காணப்படும் மாற்றங்கள் அதன் வேலையைக் குறைக்கின்றன. முதல் காவல் மந்தமாகி, பாக்டீரியா அருகே வந்துவிட, பின்னால் இருக்கும் காவல் மிகையாகப் பதறுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஐரோப்பியரிடம் கிடைத்த அந்த மாற்றங்கள் ஜப்பானிய, சீன நோயாளிகளிடம் காணப்படவில்லை. ஓர் ஊரின் மரபணு முடிவை அப்படியே இன்னோர் ஊருக்குப் பொருத்த முடியாது.

அரிதாக, ஒரே மரபணுவால் வருவதும் உண்டு. பிறந்து சில மாதத்திலேயே கடும் குடல் புண்ணும் ஆசனவாய்ப் பௌத்திரமும் வந்த குழந்தைகளிடம், இன்டர்லூக்கின்-10ஐ ஏற்கும் புரதமே பழுதாகியிருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். இன்டர்லூக்கின்-10 இருக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்த பிறகு குடல் ஆறியது. அடக்கும் ஏற்பாடு பழுதாவதுதான் இந்த நோயின் மையம் என்று முதல் பதிலில் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மலத்தில் ரத்தம் போகிறது. மூலம்தானே?

இருக்கலாம். ஆனால் பார்க்காமல் முடிவுகட்டாதீர்கள். உடம்பு சூடு, மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டு, உடல் மெலிந்து ரத்தம் குறைந்த பிறகு வருபவர்கள் ஏராளம். ரத்தத்தோடு சளி, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, காய்ச்சல், இதில் ஏதாவது இருந்தால் குடல் மருத்துவரைப் பாருங்கள்.

கால்ப்ரொடெக்டின் பரிசோதனை எதைக் காட்டுகிறது?

முன்னால் சொன்ன நியூட்ரோஃபில்களைத்தான். அவற்றுக்குள் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் நிறைய இருக்கும். நியூட்ரோஃபில்கள் குடலுக்குள் இறங்கிச் சாகும்போது அது மலத்தில் கலக்கும். சீக்கிரம் சிதைவதும் இல்லை. ஆகவே சிறு டப்பாவில் கொடுக்கும் மலத்திலிருந்தே குடல் சுவரின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பொதுவாக அழற்சி இல்லை. 250ஐத் தாண்டினால் ஐபிடி நோயாளியிடம் அழற்சி எரிந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், சாதாரண வயிற்றுப்போக்குத் தொற்றும் இந்த எண்ணை ஏற்றிவிடும். ஐபிஎஸ் என்ற குடல் எரிச்சல் பிரச்சினையில் பெரும்பாலும் ஏறாது. பெயர் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டையும் பிரிக்க இந்தப் பரிசோதனை நன்றாக உதவும்.

எனக்கு இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. மருந்தை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் நின்று, வலி போன பிறகும் குடல் சுவரில் அழற்சி மிச்சமிருக்கலாம். கிரோன் நோயில் இந்த ஏமாற்றம் அதிகம். ஆள் நன்றாக நடமாடுவார், கொலனோஸ்கோபியில் புண் இருக்கும். இப்போது சிகிச்சையின் இலக்கு தொந்தரவு போவது மட்டுமல்ல, சுவர் ஆறுவதும்கூட. சுவர் ஆறியவர்களுக்கு மறுபடி நோய் கிளம்புவதும், ஆஸ்பத்திரியில் சேருவதும், ஆபரேஷனும் குறைகின்றன. நாள்பட்ட பெருங்குடல் அழற்சி புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டும். அதனால்தான் பெருங்குடல் பாதிப்பு தொடங்கி எட்டு ஆண்டு வாக்கில் கண்காணிப்பு கொலனோஸ்கோபி ஆரம்பிக்கிறார்கள்.

ஸ்டீராய்டு?

தீயை அடக்க நல்லது, நெடுநாள் ஓட்ட நல்லதல்ல. எலும்பு, சர்க்கரை, கண் எல்லாம் பாதிக்கும். வாரக்கணக்கில் எடுத்தபின் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடலின் சொந்தச் சுரப்பு தூங்கிப்போயிருக்கும். படிப்படியாகக் குறைக்கும்போதே எதிர்ப்பை அடக்கும் அசாதியோப்ரின் போன்ற வேறு மருந்து பொறுப்பை ஏற்க வேண்டும். அசாதியோப்ரின் தொடங்கியதும் ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்ப்பார்கள். ஆசிய மக்களில் சிலருக்கு நுட்-15 என்ற மரபணுவில் இருக்கும் மாற்றத்தால் வெள்ளணுக்கள் சட்டென்று சரியும், முடி கொட்டும். அந்த டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பயாலஜிக் ஊசிகள் எங்கே வேலை செய்கின்றன? எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இவை குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகள்; ஒவ்வொன்றும் அழற்சிச் சுழலை ஒவ்வொரு இடத்தில் வெட்டுகிறது.

முதலில் வந்தது இன்ஃப்ளிக்ஸிமாப். 1998இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி கிடைத்தது. டிஎன்எஃபைப் பிடித்துக் கட்டிப்போடும். அடாலிமுமாப் அதே வழிதான். ஆனால் மூட்டுவாதத்தில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு டிஎன்எஃப் மருந்தான எடானர்செப்ட், கிரோனில் பலிக்கவில்லை. ஏன் என்று தேடியபோது ஒரு விஷயம் புலப்பட்டது: மிதக்கும் டிஎன்எஃபைப் பிடித்தால் மட்டும் போதாது, செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் டிஎன்எஃபையும் இறுகப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கூடிநிற்கும் டி செல்கள் சாகின்றன.

வேடோலிசுமாப் வேறு ரகம், 2014இல் வந்தது. குடலுக்குப் போக வேண்டிய டி செல்லின் மேல் ஆல்ஃபா-4 பீட்டா-7 என்ற புரதம் இருக்கும். ரயிலில் போகிறவர் தன் ஊர் போர்டைப் பார்த்து இறங்குவதுபோல, குடலின் ரத்தக்குழாயில் இருக்கும் அதன் இணையைக் கண்டால்தான் அந்தச் செல் இறங்கும். இந்த மருந்து அந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறது. செல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற உறுப்புகளின் எதிர்ப்பு அவ்வளவாகக் கெடாது என்பது இதன் பெரிய நன்மை. ஏற்கெனவே இறங்கிவிட்ட செல்கள் இருப்பதால் பலன் தெரியக் கொஞ்சம் தாமதமாகும், பொறுமை வேண்டும்.

அப்புறம் இன்டர்லூக்கின்-17 கதை. அழற்சி கண்ட குடலில் இது எக்கச்சக்கமாக இருந்ததால், தடுத்தால் நோய் அடங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். செகுகினுமாப் என்ற மருந்தைக் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. பலன் இல்லை. மருந்து பெற்றவர்களில் சிலருக்கு நோய் இன்னும் மோசமானது, பூஞ்சைத் தொற்றும் அதிகம் வந்தது. இன்டர்லூக்கின்-17 சுவரின் இணைப்புகளைப் பலப்படுத்தும் வேலையையும் செய்துகொண்டிருந்திருக்கிறது. சண்டை நடக்கும் இடத்தில் இருப்பவை எல்லாம் கெடுதல் செய்பவை அல்ல. இதை உங்களுக்கும் பயன்படும் விஷயமாகவே சொல்கிறேன்: செகுகினுமாப் சொரியாசிஸுக்குக் கொடுக்கப்படும் மருந்து. ஐபிடி இருப்பவருக்குச் சொரியாசிஸும் இருந்தால் தோல் டாக்டரிடம் குடல் நோயைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஒரு படி மேலே இருக்கும் இன்டர்லூக்கின்-23ஐத் தடுப்பது மட்டும் பலிக்கிறது. உஸ்டெகினுமாப், ரிசான்கிசுமாப், மிரிகிசுமாப் அந்த வரிசை. டோஃபாசிடினிப், உபாடாசிடினிப் இரண்டும் மாத்திரைகள். பல சைட்டோகைன்களின் (இன்டர்லூக்கின் போன்ற செய்திப் புரதங்களின்) செய்தியைச் செல்லுக்குள்ளேயே தடுப்பவை.

ஊசி போடும் முன் ஏன் டிபி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்?

டிபி கிருமி உள்ளே போன பலருக்கு நோய் வெளிப்படுவதில்லை. எதிர்ப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து கிரானுலோமா என்ற முடிச்சுக்குள் அடைத்துவைத்திருக்கும். அந்த முடிச்சு அவிழாமல் இருக்க டிஎன்எஃப் வேண்டும். ஊசியால் டிஎன்எஃபை எடுத்துவிட்டால் கிருமி வெளியே வந்துவிடலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்தவர்களில் டிபி வந்த 70 பேரைப் பற்றி 2001இல் அமெரிக்காவில் எழுதினார்கள். 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைவான ஊசிகளிலேயே வந்திருந்தது. இந்தியாவில் மறைந்திருக்கும் டிபி எவ்வளவு பரவலானது என்று நமக்குத் தெரியும். மார்பு எக்ஸ்ரே, தோலில் போடும் மான்டோ டெஸ்ட், ரத்தத்தில் இக்ரா டெஸ்ட் எல்லாம் அதற்காகத்தான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் டிபியும் கிரோனும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும்: இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும், இரண்டிலும் புண், இரண்டிலும் கிரானுலோமா. வேலூர் சிஎம்சி நோயியல் நிபுணர்கள் இதைப் பிரிப்பதில் முக்கியமான வேலை செய்திருக்கிறார்கள். டிபி கிரானுலோமாக்கள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் திசு செத்து இருக்கும். கிரோனில் சிறிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். எப்போதும் இப்படித் தெளிவாக அமையாது. அதனால் சிலருக்கு முதலில் டிபி மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியதா என்று பார்க்கிறார்கள். நோய் தெரியாமல் தடுமாறுகிறார்கள் என்று எண்ணி டாக்டரை மாற்றிவிடாதீர்கள். டிபி இருப்பவருக்கு ஸ்டீராய்டும் டிஎன்எஃப் ஊசியும் கொடுப்பது அந்தத் தாமதத்தைவிடப் பல மடங்கு மோசம்.

இரும்பு மாத்திரை எடுத்தும் ரத்தம் ஏறவில்லையே?

இதுவும் எதிர்ப்புச் செல்களின் வேலைதான். அழற்சியில் சுரக்கும் இன்டர்லூக்கின்-6, கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வழியை அடைத்துவிடும். ஆகவே மாத்திரை உள்ளே போயும் சேராது. அழற்சி தீவிரமாக இருப்பவர்களுக்கும், ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் இருப்பவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது நல்லது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். அழற்சி இருக்கும்போது அது பொய்யாக ஏறி நிற்கும். 60, 70 என்று வந்தாலும் இரும்புக் குறை இருக்கலாம்.

காரம் சாப்பிட்டதால் வந்ததா? என்ன சாப்பிடலாம்?

காரத்தால் வரவில்லை. நோய் கிளம்பியிருக்கும்போது காரம் எரியும், அதனால் குறைத்துக்கொள்ளுங்கள். கிரோன் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு உணவே இல்லாமல் சத்துத் திரவம் மட்டும் கொடுத்தால், ஸ்டீராய்டுக்கு இணையாக அழற்சி அடங்குகிறது. உணவு குடல் சுவரின் எதிர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. நோய் அடங்கியிருக்கும்போது நார்ச்சத்து நல்லது. பாக்டீரியாக்கள் அதை பியூட்டிரேட்டாக மாற்றும், அது சுவர்ச் செல்களுக்கு உணவு, ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கும் துணை. குடல் சுருங்கியிருப்பவர்கள் மட்டும் கீரைத்தண்டு, பலா போன்ற நாரைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றையும் விலக்கிவிட்டு ரசம் சாதத்தில் மெலிந்துபோவது எந்தக் கட்டத்திலும் உதவாது. சிகரெட் கிரோனை மோசமாக்கும், உடனே விடுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கோலைட்டிஸ் உள்ளவருக்கு ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90ஐத் தாண்டுவதோ இருந்தால் வீட்டில் இருக்காதீர்கள். வயிறு உப்பி வலித்தால் இன்னும் அவசரம். பெருங்குடல் விரிந்து கிழியும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் போக்கை நிறுத்தும் லோபிரமைடு மாத்திரையும் வலி மாத்திரையும் போடக்கூடாது.

சேர்த்ததும் நரம்பு வழியாக ஸ்டீராய்டு தொடங்குவார்கள், மூன்றாம் நாள் வாக்கில் பலனை எடைபோட்டு அடுத்த மருந்தா, ஆபரேஷனா என்று முடிவெடுப்பார்கள். கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசியும் போடுவார்கள். மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது இந்த ஊசியா என்று வீட்டார் பதறுவது இயல்பு. கடும் அழற்சியில் சுரக்கும் அதே சைட்டோகைன்கள் ரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றிவிடுகின்றன. காலில் ரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போவது அந்த நாட்களில் உண்மையான அபாயம், அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி.